உப்பு நீர்த் தொட்டியில் செம்பு: நான் பட்ட பாடு

தொட்டியில் மீன்கள் நன்றாக நீந்திக்கொண்டிருக்கும்போது நத்தைகளும் இறால்களும் மட்டும் செத்து விழுந்தால், தண்ணீரில் செம்பு கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த ஒரு வரியை யாராவது தொடக்கத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தால் என் பவளங்களில் பாதியாவது பிழைத்திருக்கும். சொல்ல ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தவர்களில் உப்பு நீர்த் தொட்டி வைத்திருப்பவர் யாரும் கிடையாது. ஒவ்வொரு இரவும் தொட்டி முன்னால் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் தெரிந்துகொண்டதையெல்லாம், வேறொருவர் அப்படி உட்கார வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

என்னுடையது ஏறக்குறைய 200 லிட்டர் தொட்டி. கீழே சம்ப் எனப்படும் துணைத் தொட்டி, அதில் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஒரு ஸ்கிம்மர், ஹீட்டர், தண்ணீரை மேலேற்றும் பம்ப். மேலே நுண்ணுயிர்கள் குடியேறும் லைவ் ராக் பாறை, மெல்லிய மணல் படுகை. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு ராயல் கிராமா, ஒரு க்ளீனர் இறால், கண்ணாடியில் பாசி மேயும் டர்போ நத்தைகள், டார்ச் பவளம் ஒன்று, பவளம் போன்ற ஸோவாந்தஸ் கொத்துகள் சில. ஆரம்பத்தில் அவசரப்படவில்லை. பாறையில் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் சுழற்சி முழுமையாக அமைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்று படித்திருந்தேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் முதல் மீனை விட்டேன். அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் தொட்டி அருமையாக ஓடியது. வெப்பம் 25, 26 டிகிரி. உப்பு ஆயிரத்தில் 35 பங்கு, அதாவது அடர்த்தி எண்ணில் 1.026. நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) அளவில். வாரம் ஒருமுறை பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுவேன். பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லாத காலம் அது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், பிரச்சினையே அங்கேதான். வீட்டில் குடிப்பதற்கு வைத்திருந்த ஆர்ஓ இயந்திரத்துத் தண்ணீரைத்தான் தொட்டிக்கும் பயன்படுத்தினேன். தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தபோது 8, 10 என்று காட்டியது. பவளத் தொட்டிக்குப் பூஜ்யம்தான் சிறந்தது என்றாலும் அந்த அளவில் பலரும் தொட்டி நடத்துகிறார்கள். என்னுடையதும் அதில் செழிப்பாகவே இருந்தது. அந்தத் தண்ணீரில் உப்பு கலந்து வாராந்திர மாற்றத்துக்கு எடுப்பேன். உப்பு கலக்காமல் அப்படியே தினமும் தொட்டிக்கு ஊற்றுவேன், ஆவியாகிப் போனதை ஈடுகட்ட.

இந்த ஆவியாதல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் உப்பு குறையும் என்று நினைத்து உப்பு நீரை ஊற்றிவிடுகிறார்கள். ஆவியாவது வெறும் நீர் மட்டும்தான். உப்பளத்தில் நடப்பதேதான் தொட்டியிலும் நடக்கிறது: நீர் போய்விடும், அதில் கரைந்திருந்தது எல்லாம் தங்கிவிடும். அதனால் ஈடுகட்ட ஊற்றுவது நன்னீராக இருக்க வேண்டும், அதுவும் ஒன்றும் கரைந்திராத நன்னீராக. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் ஆவியானால் மூன்று மாதத்தில் 225 லிட்டர். தொட்டியின் மொத்தக் கொள்ளளவைவிட அதிகம். அந்த 225 லிட்டரில் துளித்துளியாக எது வந்திருந்தாலும் அது தொட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். உப்பு நீரின் தரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உப்பின் பிராண்டைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், தினமும் ஊற்றும் அந்த நன்னீர்தான் தொட்டியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் அறிகுறி நத்தையில் தெரியவில்லை, என் நோட்டில்தான் தெரிந்தது. பவளம் எலும்புக்கூடு கட்டுவதற்குத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்ளும். அதனால் வளர்கிற பவளம் இருக்கும் தொட்டியில் ஆல்கலினிட்டி, அதாவது கார்பனேட்டுகளின் அளவு, தினமும் கொஞ்சம் குறைந்துகொண்டே வரும். ஆல்கலினிட்டி 1 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) குறையும்போது கால்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம்தான் குறைகிறது. 420 இருக்கிற இடத்தில் 7 குறைந்தால் வீட்டுச் சோதனைப் பெட்டியில் தெரியவே தெரியாது. எட்டில் ஒன்று குறைந்தால் உடனே தெரியும். அதனால் பவளம் எப்படி இருக்கிறது என்று அறிய ஆல்கலினிட்டியைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். என் தொட்டியில் 8.5 அளவில் வைத்திருப்பேன். தினமும் குறைவதை ஈடுகட்டும் அளவுக்கு மருந்து சொட்டும். ஒரு வாரம் பார்த்தால் 8.9. அடுத்த சோதனையில் 9.3. மருந்தின் அளவு மாறவில்லை. அப்படியென்றால் பவளம் எடுத்துக்கொள்வது குறைந்திருக்கிறது. டார்ச் பவளம் அப்போதும் விரிந்துதான் இருந்தது, நிறம்கூட மங்கவில்லை. வெளியே ஒன்றும் தெரிவதற்கு முன்பே உள்ளே வளர்ச்சி நின்றுவிட்டது. நோட்டில் வெறும் அளவை மட்டும் எழுதாமல், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எவ்வளவு குறைந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆல்கலினிட்டி குறைவது திடீரென்று நின்றுபோனால் அது நல்ல செய்தி அல்ல.

பிறகு நத்தைகள் விழ ஆரம்பித்தன. காலையில் பார்த்தால் ஒன்று மணலில் மல்லாந்து கிடக்கும். நிமிர்த்திவிட்டால் கண்ணாடியைப் பிடிக்கும், மாலைக்குள் மறுபடி விழுந்திருக்கும். வயதாகிவிட்டதோ, பாசி போதவில்லையோ என்றெல்லாம் நினைத்தேன். அடுத்தடுத்து விழுந்தபோதுதான் பயம் வந்தது. செத்த நத்தை தொட்டியில் கிடந்தால் அதுவே அம்மோனியாவைக் கூட்டிவிடும். எடுத்து முகர்ந்து பாருங்கள், செத்ததென்றால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், அப்படி ஒரு நாற்றம். சந்தேகமாக இருந்தால் தனிப் பாத்திரத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் விட்டுக் காத்திருங்கள். உப்பு நீரில் பிஹெச் 8.1 முதல் 8.4 வரை இருப்பதால் அம்மோனியாவில் நச்சான வடிவத்தின் பங்கு அதிகம். நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கும் அளவை இங்கே தாங்காது. நான் ஒவ்வொரு பாறை இடுக்கிலும் டார்ச் அடித்துத் தேடி, செத்தவற்றை எடுத்தேன். அம்மோனியா ஏறவில்லை. ஆனால் க்ளீனர் இறால் சட்டை உரிக்கும்போது பாதியில் செத்துப் போனது. அது என் கையில் வந்து ஏறி நகத்தைச் சுத்தம் செய்யும் இறால். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் இருந்த எல்லாச் சோதனையும் செய்து பார்த்தேன். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05, கால்சியம் 430, மெக்னீசியம் 1300. புத்தகத்தில் போடலாம் போன்ற எண்கள். அப்படியானால் உப்பளவுதான் தவறோ என்று அடுத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சந்தேகப்பட்டேன். இது நியாயமான சந்தேகம், எல்லோரும் பட வேண்டிய சந்தேகம். விலை குறைந்த பல ரிஃப்ராக்டோமீட்டர்கள் சாதாரண உப்புக் கரைசலுக்காகச் செய்யப்பட்டவை, கடல் நீருக்காக அல்ல. சுத்த நீரை வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு அளந்தால், உண்மையில் 35 உள்ள கடல் நீரை அது 36.5 என்று காட்டும். அதனால் 35 அளவுள்ள அளவுதிருத்தக் கரைசலை வைத்து, எந்த இடத்தில் அளக்கப் போகிறோமோ அந்த இடத்திலேயே சரிசெய்துகொள்வது நல்லது. அந்தக் கரைசல் கிடைக்காவிட்டால் 36.5 கிராம் தூய உப்பை 963.5 கிராம் சுத்த நீரில் கரைத்தால் போதும், அதன் ஒளிவிலகல் 35 அளவுள்ள கடல் நீரோடு ஒத்துப்போகும். நான் சரிபார்த்தேன். என் கருவி சரியாகவே இருந்தது.

எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்போது உயிர்கள் சாவதைவிடக் குழப்பம் தருவது வேறொன்றும் இல்லை. விசாரித்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு பாட்டில் சொன்னார்கள். இறால் சட்டை உரிப்பதில் சிக்கல் என்றால் அயோடின் ஊற்று. பவளம் சுருங்கினால் அமினோ அமிலம் ஊற்று. பாக்டீரியா குறைந்திருக்கும், பாக்டீரியா ஊற்று. ஒவ்வொன்றாக வாங்கினேன். ஒவ்வொன்றும் குறைந்த விலை இல்லை. இன்றைக்கு நான் உறுதியாகச் சொல்வேன்: காரணம் தெரியாத தொட்டியில் எதையும் ஊற்றாதீர்கள். சோதனை செய்ய முடியாத எதையும் ஊற்றாதீர்கள். உயிர்கள் ஏற்கெனவே ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும்போது நாம் இன்னொன்றை ஏற்றுகிறோம், அதோடு எந்த மாற்றம் எதனால் வந்தது என்ற தடமும் அழிந்துவிடுகிறது.

எல்லோரும் ஒருமித்துச் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு: தெரியாத நஞ்சு என்றால் பெரிய அளவில் தண்ணீரை மாற்று. இது நல்ல அறிவுரைதான், பத்தில் ஒன்பது தடவை காப்பாற்றும். நானும் ஒரு விடுமுறை நாளில் பாதித் தண்ணீரை மாற்றினேன். புதுத் தண்ணீரை முந்தைய இரவே கலந்து, பம்ப் போட்டுச் சுழலவிட்டு, வெப்பத்தையும் உப்பையும் தொட்டியோடு ஒத்துவரச் செய்து, மெதுவாக ஊற்றினேன். மறுநாள் காலையில் டார்ச் பவளத்தின் ஒரு தலை சதையை விட்டு உதிர்ந்து, எலும்புக்கூடு மட்டும் வெள்ளையாக நின்றது. ஸோவாந்தஸ் எல்லாம் மூடிக்கொண்டன. மீந்திருந்த நத்தைகளும் விழுந்தன. மீன்கள் மட்டும் எப்போதும்போல் முன்னால் வந்து உணவு கேட்டன. மருந்தென்று நினைத்து ஊற்றிய தண்ணீரிலேயே நஞ்சு இருக்கிறது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? தொட்டியையே கலைத்துவிடலாம் என்ற முடிவுக்கு அன்று வந்துவிட்டேன். விளக்கை அணைத்து வைத்திருந்தேன், பார்க்கவே மனம் வரவில்லை.

அன்றிரவு, கலைப்பதற்கு முன் இன்னும் என்ன உயிரோடு இருக்கிறது என்று பார்க்கத்தான் டார்ச் அடித்தேன். நன்றாக ஓடும் தொட்டியில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகக் கோபிபாட்கள் என்ற நுண்ணிய ஓட்டுயிர்கள் ஓடும், பாறையிலிருந்து அவற்றைவிடப் பெரிய ஆம்பிபாட்கள் தலைகாட்டும், பிரிசில் புழுக்கள் நீளும். என் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் எல்லாம் ஒரு கோட்டில் வந்தது. முதுகெலும்பு உள்ளது எல்லாம் நலம், முதுகெலும்பு இல்லாதது எல்லாம் சாவு. அம்மோனியாவோ, ஆக்சிஜன் குறைவோ, வெப்பமோ என்றால் மீன்கள் முதலில் மூச்சுத் திணறியிருக்கும். மீனை விட்டுவிட்டு நத்தை, இறால், பவளம், புழு இவற்றை மட்டும் கொல்லும் பொருள் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது செம்பு. மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கு உப்பு நீரில் மருந்தாகப் பயன்படுவதே செம்புதான். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அயனிச் செம்பை மீன்கள் வாரக்கணக்கில் தாங்கும். அதில் நான்கில் ஒரு பங்குகூட இறால், நத்தை, பவளத்தை வாட்டிவிடும். இத்தனைக்கும் இறாலின் ரத்தத்திலும் பெரும்பாலான நத்தைகளின் ரத்தத்திலும் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கொண்ட ஒரு புரதம்தான். அணுவளவு தேவைப்படுவதே கொஞ்சம் கூடினால் உயிரை எடுக்கிறது.

சரி, செம்பு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பம்பாகக் கழற்றினேன். காந்தத்தின் மேல் பூசியிருக்கும் பிளாஸ்டிக்கோ எப்பாக்ஸியோ வெடித்தால் உள்ளே துருப்பிடித்து உலோகம் கசியும், அதனால் பம்புக்குள் சுழலும் ரோட்டரைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்க வேண்டும். துருக்கறை, உப்பல், விரிசல் எது இருந்தாலும் அந்தப் பம்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கண்ணாடி துடைக்கும் காந்தம், ஹீட்டர் கண்ணாடி, விளக்கைத் தாங்கும் திருகு, எல்லாவற்றையும் பார்த்தேன். குழாயில் பித்தளை வால்வு எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன், பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். எல்லாம் பிளாஸ்டிக். வீட்டுச் செம்புச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிச் சோதித்தேன், பூஜ்யம் என்றது. இங்கே கவனமாக இருங்கள். அந்தப் பெட்டிகள் மருந்தளவுச் செம்பை அளக்கச் செய்யப்பட்டவை. இறாலைக் கொல்லும் குறைந்த அளவு அவற்றின் கண்ணுக்குப் படாமல் போகலாம். பூஜ்யம் என்று வந்தால் செம்பு இல்லை என்று பொருள் அல்ல. லிட்டரில் மைக்ரோகிராம் வரை அளந்து சொல்ல ஐசிபி சோதனைதான் வேண்டும். மாதிரியைச் சிறு குழாயில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் பல தனிமங்களின் அளவைப் பட்டியலாகத் தருவார்கள்.

நான் இரண்டு மாதிரி அனுப்பினேன்: தொட்டித் தண்ணீர் ஒன்று, தொட்டிக்கு ஊற்றும் ஆர்ஓ தண்ணீர் ஒன்று. ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தால் இன்னும் எத்தனை காலம் தேடியிருப்பேனோ. முடிவு வரும்வரை சும்மா இருக்க முடியாமல், கடையில் விற்கும் வாலை வடிநீர் வாங்கி, அதில் உப்புக் கலந்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சின்ன ஹீட்டரும் பம்பும் போட்டு, உயிர் மிஞ்சியிருந்த பவளத் துண்டுகளை அதில் மாற்றினேன். உப்பைத் தண்ணீரில் கொட்டிக் கலக்க வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அடியில் அடர்த்தி அதிகமாகி கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும், ஆல்கலினிட்டியும் கால்சியமும் குறைந்த நீர்தான் மிஞ்சும். சில நாட்களில் அந்தப் பெட்டியில் ஸோவாந்தஸ் ஒவ்வொன்றாக விரிந்தன. அதே உப்பு, அதே வெப்பம், வேறு தண்ணீர். ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு நிலை வந்தால் காசு செலவழிக்கும் முன் இந்தப் பெட்டி வேலையைச் செய்யுங்கள், ஒரே சமயத்தில் காப்பகமும் சோதனையும் ஆகிவிடும்.

ஆய்வக முடிவில் தொட்டித் தண்ணீரில் செம்பு லிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் கீழே. திறந்த கடலில் அது ஒரு மைக்ரோகிராமைக்கூடத் தொடாது. ஆர்ஓ தண்ணீரிலோ 100 மைக்ரோகிராமுக்கும் மேல். உடனே இயந்திரத்தைத் திறந்தேன். கடைசிக் குழாய் எனக்குத் தெரிந்த குழாய் இல்லை. சில மாதங்களுக்கு முன் நான் வீட்டில் இல்லாதபோது வழக்கமான சர்வீஸுக்கு வந்தவர், குடிப்பதற்கு நல்லது என்று தாதுக்களும் செம்பும் சேர்க்கும் குழாய் ஒன்றைப் புதிதாகப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார். ரசீதில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 60. நோட்டைப் புரட்டினால் அந்த சர்வீஸ் நடந்த மாதத்திலிருந்துதான் ஆல்கலினிட்டி குறைவது மெல்ல நிற்கத் தொடங்கியிருக்கிறது. நத்தைகள் விழுந்தது அதற்கு வெகுநாள் கழித்து. மனிதர்களுக்கு அந்தத் தண்ணீரால் ஒரு தீங்கும் இல்லை. குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். குடிப்பதற்கு நல்ல தண்ணீர் பவளத்துக்கும் நல்லது என்ற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டேன். கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பொருத்தியிருந்தால் போதும்.

காரணம் தெரிந்ததும் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்று நினைத்தேன், அப்படி நடக்கவில்லை. தண்ணீரை மாற்றினால் செம்பு போய்விடும் என்பது பாதி உண்மைதான். இருபது சதவீதம் மாற்றினால் இருபது சதவீதம் குறையும், அடுத்த இருபது சதவீதம் மிச்சத்தில்தான். ஐந்து தடவை இருபது சதவீதம் மாற்றினாலும் மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருக்கும். அதுவும் தண்ணீரில் கரைந்திருப்பதற்கு மட்டுமான கணக்கு. செம்பு பாறையிலும் மணலிலும் கரிமக் கழிவிலும் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் குறையக் குறைய அங்கிருந்து மெல்ல இறங்கும். அதனால் தண்ணீர் மாற்றத்தோடு உலோகம் பிடிக்கும் ரெசினும் ஆக்டிவேட்டட் கார்பனும் சம்பில் தொடர்ந்து போட்டேன். குப்ரிசார்ப் போட்டேன், அது செம்பைப் பிடிப்பதற்கென்றே வருவது. பாலிஃபில்டர் துண்டும் வைத்தேன், செம்பைப் பிடித்தால் அது நீலமாக மாறும், எவ்வளவு வேலை நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மணலை முழுவதும் எடுத்துவிட்டேன். பாறையை எடுக்க மனம் வரவில்லை, அதில்தான் பாக்டீரியா எல்லாம் இருக்கிறது. அடுத்த ஐசிபியில் செம்பு நன்றாக இறங்கியிருந்தது, அதற்கடுத்ததில் லேசாக ஏறியது, ரெசினை மாற்றியபின் மறுபடி இறங்கியது. இந்த ஏற்ற இறக்கம் பாறையிலிருந்து வருவது, பதற வேண்டாம்.

இதையொட்டி ஒன்று. வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட வேண்டியிருந்தால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் போட வேண்டும், பாறை இருக்கும் தொட்டியில் ஒருபோதும் வேண்டாம். பழைய தொட்டியோ பாறையோ யாரிடமாவது வாங்கினால் அதில் எப்போதாவது செம்பு மருந்து ஊற்றினீர்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், பவளம் செத்த தொட்டியில் ஆல்கலினிட்டி மருந்தை அப்படியே சொட்டவிடாதீர்கள். எடுத்துக்கொள்ள யாரும் இல்லாததால் அளவு ஏறிக்கொண்டே போகும். எனக்கு 9.3 வந்தபோதே மருந்தைப் பாதியாக்கினேன், பிறகு நிறுத்தினேன். கடலின் இயல்பு 7 டிகேஎச் அளவு, தொட்டியில் 7 முதல் 11 வரை எதுவும் நடக்கும். எந்த எண் என்பதைவிட அந்த எண் நாளுக்கு நாள் அசையாமல் இருப்பதுதான் பவளத்துக்கு முக்கியம்.

இழந்தது என்ன என்று கேட்டால், பவளங்களும் நத்தைகளும் இறாலும் போக, பாட்டில்களுக்கும் சோதனைகளுக்கும் உப்புக்கும் ரெசினுக்கும் செலவானது தொட்டியை முதலில் அமைத்த செலவில் பாதியைத் தாண்டும். பாட்டில்களுக்குச் செலவழித்த பணத்தில் ஒரு ஐசிபி சோதனையை முதல் வாரத்திலேயே அனுப்பியிருக்கலாம். ஏறக்குறைய ஒரு வருடம் தொட்டி வளரவே இல்லை, நிற்கவைப்பதற்கே போனது. டார்ச் பவளம் ஒரு தலையோடு பிழைத்தது.

இப்போது தொட்டிக்கென்று தனி ஆர்ஓ டிஐ இயந்திரம் வைத்திருக்கிறேன். குடிநீர் இயந்திரத்தோடு அதற்கு எந்த இணைப்பும் இல்லை. வண்டல் வடிகட்டி, கார்பன், ஆர்ஓ சவ்வு, கடைசியில் மிச்சமிருக்கும் அயனிகளையும் பிடிக்கும் டிஐ ரெசின். கார்பனை நேரத்துக்கு மாற்ற வேண்டும், குளோரின் சவ்வைக் கெடுத்துவிடும், டிடிஎஸ் மீட்டரோ குளோரினைக் காட்டாது. உங்கள் குழாய் நீரில் குளோரமின் போடுகிறார்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். குளோரின்போல் ஒரு நாள் திறந்து வைத்தால் அது போய்விடாது. கார்பன் அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும், அந்த அம்மோனியாவைப் பிடிப்பது டிஐ ரெசின். ரெசின் தீர்ந்திருந்தால் தொட்டிக்கு நேராக அம்மோனியா போகும். தீர்ந்த ரெசின் சிலிகாவையும் முதலில் விட்டுவிடும், மணலில் பழுப்புப் பாசி திடீரென்று படர்ந்தால் ரெசினைப் பாருங்கள். இயந்திரத்தைப் போட்டதும் வரும் முதல் தண்ணீரில் டிடிஎஸ் எப்போதும் கூடுதலாக இருக்கும், நின்றிருந்த நேரத்தில் சவ்வுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உப்புகள் இந்தப் பக்கம் வந்துவிடுவதால். அதை ரெசினுக்குள் விடாமல் சில நிமிடம் வெளியே விட்டால் ரெசின் நிறைய நாள் வரும். கடைசி முனையில் 0 காட்டும்வரை பயன்படுத்துகிறேன். 1 என்று காட்டிய அன்றே ரெசினை மாற்றிவிடுகிறேன், நாளை பார்க்கலாம் என்று விடுவதில்லை.

செம்பு அடங்கியதும் நத்தையை வாங்கி விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பிழைக்குமா என்று தெரியாமல் ஒரு நத்தையை உள்ளே விட எனக்கு விருப்பமில்லை. அதனால் முதலில் அந்த வடிநீர்ப் பெட்டிக்குள் தொட்டியின் சின்னப் பாறைத் துண்டு ஒன்றைப் போட்டு, அங்கிருந்த ஸோவாந்தஸ் விரிந்தே இருக்கின்றனவா என்று பார்த்தேன். பிறகு தொட்டியில் கோபிபாட்களை விட்டேன். அவை பெருகி, அடுத்த ஐசிபியில் செம்பு 2 மைக்ரோகிராமுக்குக் கீழ் வந்த பிறகுதான் நத்தைகள், அவை நிலைத்த பிறகு டார்ச், கடைசியாக இறால். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில வாரங்கள் விட்டேன். டார்ச் திரும்பிய சில வாரங்களில் ஆல்கலினிட்டி மறுபடி குறையத் தொடங்கியது, முதலில் வாரத்துக்கு அரை டிகேஎச், இப்போது அதைவிட அதிகம். மருந்தைப் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, குறைவதைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிவருகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரோடு டிஐ தண்ணீரையும் சேர்த்தே ஐசிபிக்கு அனுப்புகிறேன்.